சடையாண்டி சாமியின் கொட்டாவி

கொல்லிமலைச் சரிவில் ஒரு சிறிய மடம். அங்கே மருந்து செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர் சடையாண்டி சாமி. பெயரில்தான் சடை, தலை மழமழவென்று மொட்டை. வயது நாற்பதுதான். அவருடைய சிஷ்யை பாவாயிக்கோ ஐம்பத்திரண்டு.

வீடு வாசலை மகனிடம் விட்டுவிட்டு, மருந்து கற்க வைகாசியில் வந்தவள் அவள். ஆடியில் இரண்டு ஆள் வேலையை ஒருத்தியாகச் செய்தாள். மார்கழி பிறந்ததும் கை ஓடவில்லை. மருந்து அரைக்கும் கல்வத்தின் முன் உட்கார்ந்தாலே காரணமில்லாமல் அழுகை வந்தது. தை முதல் நாள் அடிவாரத்து ஜனங்கள் காய்ச்சல் சூரணத்துக்கு வந்து நிற்பார்கள். கால்வாசிகூட அரைபடவில்லை.

வைராக்கியம் போதவில்லை என்று நினைத்தாள். ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டாள். பராக்குப் பார்க்கக் கூடாதென்று சன்னலையும் அடைத்தாள். வேலை இன்னும் குறைந்தது.

மார்கழி பத்தாம் நாள் காலை துணிமூட்டையோடு சாமி முன் வந்து நின்றாள்.

"நான் கெளம்பறனுங்க சாமி."

"ஏம்மா?"

"சோம்பேறிக்கு இங்க என்னங்க வேலை? வயசான காலத்துல ஆசைப்பட்டு வந்துட்டேன்."

சாமி நேரே அரைக்கும் அறைக்குப் போய், அவள் இடத்தில் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தார். உள்ளே அரையிருட்டு. கிழக்கே நின்ற மலைமுகடு மார்கழி வெயிலை உச்சிப்பொழுது வரை அங்கே விடாது.

சற்று நேரத்தில் சாமிக்கு ஒரு கொட்டாவி வந்தது. பிறகு இன்னொன்று. மூன்றாவதில் கண்ணில் நீரே வந்துவிட்டது.

பாவாயி பயந்துபோனாள். சாமி கொட்டாவி விட்டு அவள் பார்த்ததே இல்லை.

சாமி எழுந்தார். கல்வத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாறைக்கு விறுவிறுவென்று ஏறினார். அங்கே காலை வெயில் கொட்டிக் கிடந்தது.

"மூட்டைய அவுத்துப் போடுங்க. இங்க உக்காந்து நாலு நாள் அரைங்க. வேளைக்குச் சாப்பிடுங்க. அப்புறமும் போகணும்னா நானே பஸ் ஏத்தி விடறேன்."

முதல் நாள் முதுகில் வெயில் ஏறியது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் அரைத்துக்கொண்டே பாட்டு முணுமுணுத்தாள். ஐந்தாம் நாள் பஸ்ஸைப் பற்றி இருவருமே பேசவில்லை.

தை முதல் நாள் ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. இரண்டு கூடைப் பொட்டலம் மிச்சம் வேறு. பெண்கள் குலவை போட்டார்கள். எல்லோரையும்விட உரக்கப் போட்டவள் பாவாயி. சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் சாமியிடம் வந்தாள்.

"எனக்கு முன்னாடி அந்த அறையில யாருங்க சாமி அரைச்சாங்க?"

"மூணு பேரு."

"அவங்க எங்கீங்க?"

"மூணு பேரையும் மார்கழியிலதான் தொரத்துனேன். சோம்பேறிங்கன்னு."



சாமி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"கூட்டியாரக் காலையிலயே ஆள் அனுப்பிட்டேன். வந்து என்னை வாய் வலிக்கத் திட்டட்டும். வெயில்ல உக்காந்து கேட்டுக்கறேன்."