ஆணியில் தொங்கிய தலைப்பாகைகள்

முன்னொரு காலத்தில், எண்ணெய் தேய்த்துக் குளிக்க உட்கார்ந்த ஓர் அரசருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது.

"இந்த நல்லெண்ணெய் எந்த ஊர்ச் செக்கில் ஆட்டியது?"

"ஆற்றுக்கு அக்கரை, அரசே" என்றான் பணியாள்.

"எள்?"

"நம்முடையதுதான். இங்கே வாங்கி, அங்கே ஆட்டி, நமக்கே விற்கிறார்கள்."

அரசருக்குக் குளியல் மறந்துபோயிற்று. அதே எள். செக்கும் மாடும்கூட ஒரே மாதிரி. ஆனால் அக்கரையில் எண்ணெய் அதிகம் இறங்குகிறது, அதனால் மலிவாக விற்கிறார்கள். இக்கரைச் செக்குகளோ ஒவ்வொன்றாக நின்றுபோய்க்கொண்டிருந்தன. ஏன் என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அமைச்சர் மருதநம்பிக்கு விகடகவி சேந்தனைக் கண்டாலே ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"அரசே, எல்லாம் தெரிந்த சேந்தன் இருக்கக் கவலை ஏன்? புதுச் செக்கு, புது மாடு, புது ஆள் எதுவும் கூடாது. அடுத்த பௌர்ணமிக்குள் அக்கரைக்குச் சமமாக எண்ணெய் இறக்கிக் காட்டட்டும். இல்லையேல் நாட்டைவிட்டுப் போகட்டும்."

சேந்தன் தலையாட்டிவிட்டு நேரே செக்குக்காரர்களின் தலைவர் ஆண்டியப்பரிடம் போனான்.

"அக்கரைக்குப் போய் ஒரு தடவை பார்க்கலாமே ஐயா?"

"நல்லாச் சொன்னீரு! தலைப்பாகை கட்டின ஆளு இன்னொருத்தன்கிட்டப் போயிக் கத்துக்கிறதா? அமைச்சர் தோலை உரிச்சிருவாரு!"

அந்த நாட்டு வழக்கம் அப்படி. தொழில் கற்று முடித்தவருக்கு அரசர் தலைப்பாகை கட்டுவார். அதை அணிந்தவர் பிறரிடம் பாடம் கேட்கக் கூடாது என்பது சட்டம்.

"தூங்கும்போது பாகையை என்ன செய்வீர்?" என்று கேட்டான் சேந்தன்.

"ஆணியில மாட்டிருவேன்."

"அப்போது நீர் யார்?"

"வெறும் ஆண்டியப்பன்தான்."

"அந்த வெறும் ஆண்டியப்பனைத்தான் அக்கரைக்கு அனுப்பச் சொல்கிறேன்."

பௌர்ணமியன்று மருதநம்பி சபையில் கொதித்தார். "அரசே, செக்குக்காரர்கள் எல்லோரும் அக்கரை போய்ப் பாடம் கேட்டிருக்கிறார்கள்! சேந்தன்தான் சட்டத்தை மீறத் தூண்டினான்!"

"பாகை அணிந்தவர் யாரும் போகவில்லை, அரசே" என்றான் சேந்தன். "பாகைகள் எல்லாம் படகுத்துறை ஆணிகளில் தொங்கின. துறையில் காவல் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டதே அமைச்சரின் ஆட்கள்தான்."

ஆண்டியப்பர் எண்ணெய்க் குடத்தை முன்னே வைத்தார். "அக்கரைக்குச் சமமா இறங்கிருச்சு, மகாராஜா. எள்ளோட கொஞ்சம் கருப்பட்டி போட்டு, பதம் பார்த்து வெந்நீர் தெளிக்கிறாங்க. அவ்வளவுதான்."

அரசர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அமைச்சரைப் பார்த்தார். பிறகு மெல்லக் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: "கருப்பட்டி எதற்கு?"

"அரைபட்ட எள்ளு ஒண்ணோடொண்ணு ஒட்டிப் பிண்ணாக்காயிரும் மகாராஜா. எண்ணெய் தனியாப் பிரிஞ்சு வந்திரும்."

"அட!" என்றார் அரசர். தம் மடியிலிருந்த கிரீடத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சேந்தா, உனக்கு ஒரு பட்டுத் தலைப்பாகை!"

"கூடவே ஓர் ஆணியும் கொடுங்கள், அரசே."

அன்று முதல் அந்த நாட்டில் ஒவ்வொரு தொழிற்கூடத்தின் வாசலிலும் ஆணி அடித்தார்கள். சந்தை நாளில் எத்தனை வயதானவரும் பாகையை அதில் மாட்டிவிட்டு, யாரிடம் வேண்டுமானாலும் போய்க் கற்று வரலாம். நின்றுபோன செக்குகள் மறுபடி சுற்றின. ஆற்றைக் கடந்து இப்போது எள் போகவில்லை, எண்ணெய் போயிற்று.