ரெண்டு தடவை வேண்டாம்னு சொன்ன ஊரு

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம்னு ஆரம்பிப்பேன்னுதானே பாக்குறீங்க? இது ரெண்டு ஊரு கதை. மலை மேல ஒரு ஊரு, கீழ ஒரு ஊரு. மேல இருக்கிற சுனையோட மடையைத் திறந்தாத்தான் கீழ ஏரிக்குத் தண்ணி. அந்த வருஷம் மழை ஏமாத்திருச்சு, ஏரி காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு, மாடெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு நின்னுச்சு.

கீழூரு பழக்கம் நம்ம பழக்கந்தான். "சாப்பிடுங்க"ன்னா உடனே உக்கார மாட்டாங்க. ஒருக்கா வேண்டாம்பாங்க, மறுக்கா வேண்டாம்பாங்க, மூணாந்தரம் கேட்டாத்தான் இலையில கை வைப்பாங்க. ஏன்டி சிரிக்கிற? உங்க அத்தை வீட்டுல நீயும் அப்படித்தானே பண்ணின?

கீழூரு ராஜாகிட்ட அம்பலவாணர்னு ஒரு மந்திரி. வாலிபத்துல பத்து வருஷம் மலையில இருந்தவரு, அவங்க வழக்கமெல்லாம் அத்துப்படி. "அதை நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுமய்யா"ன்னு ராஜா எத்தனையோ வாட்டி சொன்னாரு. "அவங்களுக்கு என்ன பெரிய வழக்கம், தேன் எடுக்கிறதும் திங்கிறதுந்தான்"னு மழுப்பிட்டாரு மனுசன். எல்லாரும் கத்துக்கிட்டா இவரை யாரு தேடுவா? ஊரு காய்ஞ்சதும் முழங்கால் வலின்னு படுத்துக்கிட்டாரு. ராஜா வந்து கெஞ்சட்டும், பாதி நாட்டைக் கேப்போம்னு நெனப்பு. படுபாவி!

சரின்னு ராஜா தளபதியை அனுப்பினாரு. மலைக்குத் தலைவி நீலம்மா. "தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா. தளபதி பணிவா, "ஐயோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம், வேண்டாங்க"ன்னாரு. "சரி"ன்னு நீலம்மா எந்திரிச்சுப் போயிட்டா. தளபதி திருதிருன்னு முழிச்சாரு. அப்புறம் புலவர் போனாரு, இன்னும் பணிவா வேண்டாம்னாரு, அவரும் முழிச்சுக்கிட்டே திரும்பினாரு.

மூணாவதா ராஜா மக பொன்னுருவி போனா. நடந்த களைப்பு, பசி வேற. காலையில தினைக்கஞ்சி கொண்டாந்து "குடிக்கிறியா?"ன்னாங்க. "வேண்டாங்க"ன்னா. எடுத்துட்டுப் போயிட்டாங்க! மதியம் அவிச்ச கிழங்கு வந்துச்சு, "வேண்டாங்க"ன்னா, அதுவும் போச்சு. பாவம், அவளுக்கு ஒண்ணும் புரியல. இவங்களுக்கு ஈரமே இல்லையா? நம்மளைப் புடிக்கலையா? ஊருக்கே எப்படித் தண்ணி விடுவாங்கன்னு கண்ணு கலங்கிருச்சு.

அப்ப பாத்தா, ஒரு மலைப்பொண்ணு பலாச்சுளையைப் பாத்து "வேணும்"னு வாங்கித் தின்னா. இன்னொண்ணு குடுக்க, "வேண்டாம்"னா. யாரும் வற்புறுத்தல, யாருக்கும் கோவமும் இல்ல. ஓ, இங்க வேண்டாம்னா வேண்டாந்தானான்னு பொன்னுருவிக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. சாயங்காலம் தேன் வந்துச்சு. வெக்கத்தை முழுங்கிட்டு, "வேணும்"னா. நீலம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு!

"தண்ணியும் வேணும்மா, எங்க ஊரு சாகுது."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வந்த ரெண்டு பேரும் வேண்டாம்னாங்களே. எங்களுக்கும் குழப்பந்தான்."

"மறுபடி கேட்டிருக்கலாமேம்மா?"

"வேண்டாம்னவரை மறுபடி கேட்டா, நீ பொய் சொல்றேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி ஆகாதா? உங்க ஊருல ஒருக்கா நான் போதும் போதும்னேன், போட்டுக்கிட்டே இருந்தாங்க. அவமானப்படுத்துறாங்கன்னு அழுதுக்கிட்டே வந்தேன். உங்க அம்பலவாணருக்கு இதெல்லாம் தெரியுமே, சொல்லலையா?"

மடை திறந்துச்சு, ஏரி ரொம்புச்சு. ரெண்டு ஊருப் பிள்ளைங்களையும் மாத்தி மாத்தி அங்க ஒரு மாசம் இங்க ஒரு மாசம் வச்சுப் பழக்கணும்னு பொன்னுருவி சொன்னா, ராஜாவும் நீலம்மாவும் சரின்னாங்க.

அப்புறம் சபையில ராஜா கேட்டாரு, "அம்பலவாணரே, முழங்கால் வேற வலிக்குது, இன்னும் பதவி வேணுமா?"

மந்திரி கையைக் கட்டிக்கிட்டு, "ஐயோ மகாராஜா, இந்தக் கிழவனுக்கு எதுக்குங்க பதவி, வேண்டாங்க"ன்னு பல்லைக் காட்டினாரு.

"சரி"ன்னு ராஜா எந்திரிச்சுப் போயிட்டாரு.

மறுக்கா கேப்பாரு, மூணாந்தரம் கேப்பாருன்னு மந்திரி நின்னாரு. சபை காலியாகுற வரைக்கும் நின்னாரு.

மத்தவங்க வழக்கத்தைப் பிள்ளைங்ககிட்ட மறைச்சவருக்கு அதுதான் கிடைச்சுது. என் கதை தீந்துச்சு, உங்க கேள்வி ஆரம்பிக்கட்டும்.