பரபாஸ் வீட்டுச் சாப்பாடு

தவக்காலத்தின் முதல் வாரத்தில் வியாகப்பன் ஆசிரமத்துக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு வேட்டி, ஒரு கட்டு வெள்ளைத் தாள், வேளை தவறாமல் விழுங்க வேண்டிய மாத்திரைகள்.

காவிரிக்கரையில் இன்னாசி சாமி நடத்திவந்த சின்ன ஆசிரமம் அது. ஓலை வேய்ந்த ஒரு ஜெபக்கூடம், நாலைந்து குடில்கள், புன்னை மரத்தடியில் ஒரு மரச்சிலுவை. சாமி காவி வேட்டி கட்டிய கத்தோலிக்கத் துறவி. வியாகப்பன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். கல்லூரி நாளிலிருந்தே சாமிக்குச் சீடர். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

பெரிய வெள்ளிக்கிழமை ஊர்க் கோயிலில் போடும் இயேசுவின் பாடுகளின் நாடகத்தை வருஷா வருஷம் எழுதுவது வியாகப்பன்தான். அவர் பாட்டில் சாட்டை சுழன்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முதுகை நெளிப்பார்கள். ஆணி இறங்கும் காட்சி வந்ததும் ஆம்பளைகள் துண்டால் முகத்தை மூடிக்கொள்வார்கள்.

“இந்த வருஷம் இங்கே இருந்து எழுதறேன் சாமி. ஒருசந்தி நோன்பு இருந்து எழுதணும்.”

“உன் உடம்புக்கு ஒருசந்தி ஆகாது,” என்றார் சாமி. “மத்தியானம் கூழ் உண்டு. தண்ணி எப்ப வேணும்னாலும் உண்டு. சரின்னா இரு.”

சரி என்றார் வியாகப்பன். ஆனால் அதன்படி நடக்கவில்லை.

மத்தியானக் கூழை வாங்கிக்கொண்டு ஆற்றில் இறங்குவார். வறண்ட மணலில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் இருந்தார். கூழ் அவருக்குப் போனது. தண்ணீரை, மாத்திரை விழுங்கும் அளவுக்குத்தான் தொட்டார்.

காரணம் வீட்டில் இருந்தது.

போன வருஷம் வியாகப்பனின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வாரா வாரம் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு நடைப்பிணமாகத் திரிந்தார். அவர் மனைவி பிரகாசியின் சிறுநீரகம் பொருந்தும் என்று டாக்டர் சொன்னபோது, “அப்ப எடுத்துக்குங்க,” என்றாள் அவள். அடுத்த வீட்டுக்காரி உப்புக் கேட்டால் எப்படிச் சொல்வாளோ அப்படி.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இருவரும் வீடு வந்தார்கள். அதன் பிறகுதான் வியாகப்பனுக்குச் சோறு இறங்காமல் போனது. பரிமாறும்போது பிரகாசியின் கை தானாக விலாவுக்குப் போகும். அதைப் பார்த்ததும் வாயில் வைத்தது கசக்கும். தூக்கத்தில் அவள் புரண்டு படுத்தால் இவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். நன்றி என்று ஒரு வார்த்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. கத்தி பட்டது அவள் உடம்பில். அதற்குப் போய் வெறும் வார்த்தையா?

ஒரு நாள் காலையில் சாமி செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வியாகப்பன் எழுதிய தாள்களை நீட்டினார். சாமி நின்றபடியே படித்தார்.

“நல்லா வலிக்குது,” என்றார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“ஒருத்தர் நமக்காகப் பாடுபட்டுட்டா, அதுக்கு ஈடா நாம எவ்வளவு படணும்?”

சாமி அவர் உதட்டைப் பார்த்தார். காய்ந்து வெடித்திருந்தது.

“தண்ணி குடிச்சியா?”

“குடிச்சேன் சாமி.”

பொய். கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்ற வருத்தத்தோடு வியாகப்பன் குடிலுக்குத் திரும்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை ஊர்வலம். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்திருந்தார்கள். புன்னை மரத்தடிச் சிலுவையைத் தானே சுமப்பதாக வியாகப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். வெயில் மணலில் கொதித்தது. ஒவ்வொரு நிலையிலும் ஜனங்கள் முழந்தாளிட்டுப் பாடினார்கள். வெரோணிக்கம்மாள் ஆண்டவருடைய முகத்தைத் துடைக்கும் இடத்துக்கு வந்தபோது வியாகப்பனின் கால் மடங்கியது. சிலுவை ஒரு பக்கம் விழுந்தது, அவர் ஒரு பக்கம் விழுந்தார்.

நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சாமி ஓடிவந்து தலையைத் தூக்கி மடியில் வைத்த பிறகுதான் பாட்டு நின்றது.

திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரி. கையில் ஊசி, தலைக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டில். டாக்டர் சத்தம் போட்டார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் வைத்த சிறுநீரகம் போயிருக்கும் என்றார். நல்ல வேளையாகப் போகவில்லை. அடுத்தடுத்த நாள் ரத்தப் பரிசோதனையில் ஏறியிருந்த அளவெல்லாம் மெல்ல இறங்கி வந்தது.

பிரகாசி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நிலைமை தேறும்வரை ஜெபமாலையை உருட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். இனி பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் சாமியைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

“நீங்களே நியாயம் சொல்லுங்க சாமி. இவரு உடம்பை இவரு என்னவும் பண்ணிக்கட்டும். உள்ள இருக்கிறது என்னுது. அதைப் பட்டினி போட இவருக்கு யாரு உத்தரவு குடுத்தது?”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. இருமுவதுபோல் அடக்கிக்கொண்டார்.

“உனக்கு வலிக்குதே பிரகாசி,” என்றார் வியாகப்பன். “நீ விலாவைப் பிடிக்கறப்பெல்லாம்...”

“எங்க வலிக்குது? தையல் போட்ட இடம் அரிச்சா மனுஷி சொறிய மாட்டாளா?”

வியாகப்பன் அவளையே பார்த்தார்.

“சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு உங்க சைக்கிள் தெருமுனையில வர்ற சத்தம் கேக்கும். அடுப்படியில நின்னுக்கிட்டு மாதாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லுவேன். ஒரு நாள் தவறினதில்லை. எனக்கு அது போதும். நீங்க என்னடான்னா வீட்டுக்குள்ள வந்து துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உக்காந்துக்கறீங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூக்குச்சட்டியைத் திறந்து, கேண்டீனில் வாங்கிவந்திருந்த இட்லியைத் தட்டில் வைத்து அவர் மடியில் வைத்தாள். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே மருந்துக்கடைக்குப் போனாள்.

இட்லியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. வியாகப்பன் தொடவில்லை.

“நாடகம் முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார் சாமி.

“கல்லறையில வைக்கிற வரைக்கும் எழுதிட்டேன்.”

“பரபாஸ் வர்றானா?”

“வர்றான் சாமி. பிலாத்து ஜனங்களைக் கேக்கறான். யாரை விடணும், இயேசுவையா, சாவுக்குத் தீர்ப்பான கொலைகாரன் பரபாஸையா? பரபாஸைங்கறாங்க. அவனை அவுத்து விடறாங்க. ஆண்டவரைச் சிலுவைக்குக் கொண்டுபோறாங்க.”

“பரபாஸ்?”

“ஓடிப்போயிடறான்.”

“எங்கே?”

வியாகப்பன் யோசித்தார். இத்தனை வருஷம் எழுதியும் அந்த இடத்தைப் பற்றி அவர் நினைத்ததே இல்லை. விலங்கு கழன்றதும் பரபாஸ் திரைக்குப் பின்னால் போய்விடுவான். வேஷம் கட்டியவர் தாடியைக் கழற்றிவிட்டு ஜனங்களோடு வந்து உட்கார்ந்துகொள்வார்.

“தெரியலையே சாமி.”

“வீட்டுக்குத்தான் போயிருப்பான். வேற எங்கே போவான்?”

“வீட்டுக்கா?”

“அவன் அம்மா கதவைத் திறந்திருப்பா. காலையில பிணமா வருவான்னு நினைச்ச பிள்ளை. கட்டிப்பிடிச்சு அழுதிருப்பா. அப்புறம் என்ன கேட்டிருப்பா?”

“என்ன கேட்டிருப்பா?”

“பசிக்குதாய்யான்னு கேட்டிருப்பா. ஜெயில்ல என்ன போட்டிருக்கப் போறான்? அப்பத்தைச் சுட்டு அவன் முன்னால வச்சிருப்பா.”

பக்கத்துக் கட்டில்காரரின் மகள் ஜன்னலைத் திறந்தாள். வெளியே தெருவின் இரைச்சல் உள்ளே வந்தது.

வியாகப்பன் மெதுவாகக் கேட்டார்: “அங்கே மலை மேல தன் இடத்துல ஒருத்தர் தொங்கிக்கிட்டிருக்கார். அது தெரிஞ்சும் அவனால சாப்பிட முடிஞ்சிருக்குமா சாமி?”

சாமி தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“முதல் வாய் தொண்டையில நின்னிருக்கும். ரெண்டாவது வாய் இறங்கியிருக்கும்,” என்றார். “அந்த ரெண்டாவது வாய்க்காகத்தானே வியாகப்பா, அவர் அங்கே ஏறினார்?”