கருங்கோட்டைக்கு வந்த அண்ணன்

முன்னொரு காலத்தில், காலையில் கொடுத்த ஊரைச் சாயங்காலம் பிடுங்குகிற ஒரு ராஜா மேலைக்காட்டு நாட்டை ஆண்டுவந்தான். கேசரிமாறன் என்று பேர். அவனுக்கு மந்திரி ஏகாம்பரம். அந்த மந்திரியின் ஆசனத்தைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்தவன் அகோரமூர்த்தி. சபையில் இரண்டாம் ஆசனத்துக்காரன்.

நாட்டின் எல்லையில் கருங்கோட்டை என்று ஒரு பழைய மாளிகை. பகலிலேயே விளக்கேற்றித்தான் உள்ளே நடக்க வேண்டும். அங்கே ஓர் அறை எப்போதும் பூட்டிக் கிடக்கும். பல தலைமுறைக்கு முன்னால், அந்த வீட்டு அண்ணன்மார் தங்கைக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல் அவளை அந்த அறைக்குள் அடைத்துச் சாகவிட்டார்கள். அதன்பிறகு அந்த வீட்டில் பிறந்த பிள்ளை எதுவும் தங்கவில்லை. பயந்துபோய் அவளையே வீட்டுத் தெய்வமாக்கி, ஒரு பெட்டியில் சேலை வைத்துக் கும்பிட்டார்கள்; அதற்குப் பிறகே பிள்ளைகள் தங்கின. பெண்கள் மட்டும் உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து பூசை செய்வார்கள். ஆண்கள் வாசலில் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கொன்றவன் வம்சத்துக்கு அவள் பொருளைப் பார்க்கிற யோக்கியதை இல்லை என்பது ஏற்பாடு. சொத்துக்காக உடன்பிறந்தவளைக் கொல்கிற கூட்டத்திடம் வெட்கத்தையா எதிர்பார்க்க முடியும்? முதுகையாவது காட்டச் சொன்னார்கள்.

கருங்கோட்டைத் தலைவர் காலமானார். மிஞ்சியது ஒரே மகள் உமையாள். மகன் செங்கோடன் சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போனவன். கருமாதிப் பந்தலைப் பிரிப்பதற்குள் அகோரமூர்த்தி ஓர் இளைஞனைச் சபைக்கு அழைத்துவந்து, இவன்தான் செங்கோடன், கருங்கோட்டை இவனுக்குத்தான் சேரவேண்டும் என்றான். அந்த இளைஞன் முழங்கால் தழும்பைக் காட்டினான். வீட்டு நாயின் பேரைச் சொன்னான். அம்மா பாடிய தாலாட்டைப் பாடினான். ராஜாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த சபையில் மாளிகையை அவனுக்கே கொடுத்துவிடுவதாகவும், உமையாளை அண்ணன் பார்த்து எங்காவது கட்டிக்கொடுக்கட்டும் என்றும் சொல்லிவிட்டான்.

உமையாள் அழவில்லை. நேரே மந்திரி வீட்டுக்குப் போனாள்.

"அவன் என் அண்ணன் இல்லை, மந்திரியாரே."

"எப்படிச் சொல்கிறாய், அம்மா?"

"என் அண்ணன் உப்பு வாங்கப் போனால், எதற்கு வந்தோம் என்று பாதி வழியில் நின்று யோசிப்பான். இவன் ஒன்றையும் மறக்கவில்லை."

ஏகாம்பரம் சிரித்தார். மனப்பாடம் செய்தவனுக்கு எங்கே நிறுத்துவதென்று தெரியாது என்றார். அந்த வீட்டில் மகனுக்குத் தெரியவே கூடாத சங்கதி ஏதாவது உண்டா என்று விசாரித்தார். அவள் பூட்டிய அறையைப் பற்றி எல்லாம் சொன்னாள். கேட்டு முடித்தவர், சபையில் தான் கேட்கும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த சபை கூடியது. ஏகாம்பரம் எழுந்து, தழும்பும் தாலாட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், பூட்டிய அறைப் பெட்டியில் இருப்பதைச் சொன்னால் இவனே வாரிசு என்று நான் ஒப்புக்கொண்டு மந்திரி முத்திரையையும் கழற்றி வைக்கிறேன் என்றார். முத்திரை என்றதும் அகோரமூர்த்திக்கு நாக்கில் எச்சில் ஊறியது. இளைஞன் தயங்கினான். அகோரமூர்த்தி கண்ணைக் காட்டினான்.

"அரக்குச் சேலை, மகாராஜா. முந்தானையில் ஒரு மூலை கருகியிருக்கும்."

உண்மைதானா என்று ராஜா உமையாளைக் கேட்டான். உண்மைதான் என்றாள். சபை ஆரவாரம் செய்தது. அகோரமூர்த்தி முத்திரைக்குக் கையை நீட்டியே விட்டான்.

"கொஞ்சம் பொறும். அந்த வீட்டு ஆண்பிள்ளை பெட்டிக்குள் பார்ப்பது வழக்கமில்லையே?" என்றார் ஏகாம்பரம்.

"குழந்தை எட்டிப் பார்த்திருக்கும். இதுவும் ஒரு குற்றமா?" என்றான் அகோரமூர்த்தி.

"குற்றமில்லை. அம்மா உமையாள், அந்த முந்தானை எப்போது கருகியது?"

"அண்ணன் காணாமல் போன அடுத்த வருஷம். அவன் திரும்பி வர வேண்டுமென்று பூசை செய்தோம். அழுகையில் அம்மாவின் கை தட்டி விளக்குச் சாய்ந்தது."

அப்போது உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று மந்திரி கேட்டார்.

"இறந்துபோன என் அம்மா, நான், என் சின்னம்மா வடிவு. சித்தப்பா போனபிறகு சின்னம்மா பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய தம்பி இதோ நிற்கிறாரே, அகோரமூர்த்தி."

வடிவை அழைத்து வந்தார்கள். அவள் முதலில் ஒன்றும் தெரியாது என்றாள். உமையாள் எதிரே போய் நின்றாள்.

"சின்னம்மா, அந்தச் சேலையைத் தொட்ட கையை நெஞ்சில் வைத்துச் சொல்லுங்கள்."

வடிவுக்குக் கை எழவில்லை. எல்லாம் சொல்லிக் கொடுத்தது தான்தான் என்றாள். எனக்குச் சோறு போடுகிறவன் தம்பி, மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை என்று அழுதாள். இந்தப் பையன் தம்பிக்குப் பிறந்தவன். தாயைக் கட்டிக்கொள்ளாமல் கைவிட்டு, பிள்ளையை வேறு ஊரில் மறைத்து வளர்த்தான். இந்தக் காரியத்தை முடித்துக் கொடுத்தால் மகன் என்று சொல்லிக்கொள்கிறேன் என்று ஆசை காட்டினான் என்றாள்.

ராஜா யானையைக் கொண்டுவரச் சொன்னான். ஏகாம்பரம் குறுக்கே வந்தார்.

"யானை மிதித்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகும், மகாராஜா. அடுத்தவர் சொத்துக்கு வாரிசு கொண்டுவந்தவர் இவர். இவர் சொத்துக்கும் ஒரு வாரிசு வேண்டாமா?"

ராஜாவுக்கு அது பிடித்துவிட்டது. கருங்கோட்டை உமையாளுக்கே என்றான். அகோரமூர்த்தியின் ஆசனத்தைத் தூக்கி வெளியே போடச் சொன்னான். அண்ணன் வேஷம் போட்டவனுக்கு என்ன தண்டனை என்று உமையாளையே கேட்டான். தாலாட்டைத் திருடியவனை மன்னிக்க அவளுக்கு மனம் வரவில்லை. நல்ல பெண். ஒரு வருஷம் என் வீட்டு மாட்டுக் கொட்டிலைக் கூட்டட்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

அகோரமூர்த்தி சபை நடுவில் நின்று, இந்தப் பையன் என் மகன், என் வீடு வாசல் எல்லாம் இவனுக்கே என்று சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. அவன் தரையைப் பார்த்து முணுமுணுத்தான். சரி, போதும் என்று ராஜா எழுந்துவிட்டான்.

"எனக்குக் கேட்கவில்லை," என்றான் அந்த இளைஞன்.

ராஜா மறுபடி உட்கார்ந்தான். வாசலில் வேல் பிடித்து நின்ற காவற்காரன் வரைக்கும் கேட்கிறபடி, அகோரமூர்த்தி தலையை நிமிர்த்திச் சொன்னான்: "இவன் என் மகன்."