போல்ட் பார்க்கிற பக்கம்

"எந்த எடுபட்ட பயல் இதை இப்படி முறுக்கி வச்சான்?"

ஸ்கூட்டருக்குப் பின்னால் தரையோடு தரையாகக் கிடந்துகொண்டு சவரிராயன் கத்தினார். வயது ஐம்பத்தொன்பது. வேட்டியெல்லாம் கரி. விரல்முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"யாருன்னு தெரிஞ்சா கழண்டுருமா அண்ணாச்சி?" என்றாள் குருசம்மாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு இருக்கும். தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு தகர ஷெட் வைத்திருக்கிறாள். அங்கே யார் வேண்டுமானாலும் வண்டியைக் கொண்டுவரலாம். ஸ்பேனர் தருவாள், சுத்தியல் தருவாள், கேட்டால் ஒரு வார்த்தை பதிலும் தருவாள். கை மட்டும் வைக்க மாட்டாள். அவரவர் வண்டியை அவரவரே கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும்.

இப்படியும் ஒரு ஷெட் உண்டா என்று கேட்காதீர்கள். உண்டு. அங்கே கூட்டமும் உண்டு.

ஊர்க்காரர்கள் அவள் பெயரைச் சுருக்கி 'குரு' என்று கூப்பிட்டார்கள். கேலியாக ஆரம்பித்ததுதான். நாளாக ஆகக் கேலி போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

"யாருன்னு தெரியாமலா?" என்று சவரிராயன் எழுந்து உட்கார்ந்தார். "என் மச்சான்தான். வீட்டுக்காரிகூடப் பிறந்த தம்பி, தார்சியுஸ். அவன் மாட்டுன போல்ட்டு இது."

"அப்போ அவருகிட்டயே கேக்கலாமே."

"அவன்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல. அஞ்சு வருசமாச்சு."

"ஏன்?"

"அவன் மக கல்யாணப் பத்திரிகையில என் பேரு இல்ல."

குருசம்மாள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவே அவருக்குத் தெம்பாகிவிட்டது.

"யாரு யாரு பேரோ இருக்கு தாயி. எங்கேயோ பம்பாயில இருக்கிற ஒருத்தன், கல்யாணத்துக்கே வராதவன், அவன் பேரு இருக்கு. நான் பொண்ணுக்குச் சொந்த மாமா. என் பேரு இல்ல. கேட்டா, அச்சுல விட்டுப்போச்சாம். யாருகிட்டக் கதை விடுதான்?"

"கல்யாணத்துக்குப் போனியளா?"

"நான் போவேனா? அவளையும் போவ விடல."

அவள் என்றது மனைவியை. பிரகாசியம்மாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சின்ன வயதிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. காலை நிமிர்த்திப் பிடிக்கிற இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடப்பாள். அந்த ஸ்கூட்டர் அவளுடையது. விழாமல் இருக்கப் பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த வண்டி. அந்தச் சக்கரங்களை வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தவன்தான் தார்சியுஸ். அது சண்டைக்கு ஒரு மாதம் முந்தி.

இப்போது பின்டயர் தேய்ந்து வெடித்துவிட்டது. டயரை மாற்றச் சக்கரத்தை எடுக்க வேண்டும். சக்கரத்தை எடுக்க, பக்கச் சக்கரத்தின் இரும்புக் கையை இறக்க வேண்டும். அதை இறக்க, ஐந்து போல்ட். நான்கை எடுத்துவிட்டார். ஐந்தாவது உள்ளே, கையும் நுழையாத கண்ணும் எட்டாத ஒரு மூலையில் இருந்துகொண்டு அவருக்குத் தண்ணி காட்டியது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. அன்று வியாழன்.

மற்ற கடைகளில் பக்கச் சக்கரம் வைத்த வண்டி என்றதும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். இவரும் வீராப்பாக, "நானே கழட்டி நானே மாட்டுதேன், நீ பாரு" என்று பிரகாசியிடம் சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"தாயி, ஒரு வழி சொல்லு. இதை எப்படிக் கழட்ட?"

குருசம்மாள் கேட்டாள்:

"போல்ட்டு எந்தப் பக்கம் பாக்குது?"

"என்னது?"

"அதோட மூஞ்சி எந்தப் பக்கம்?"

சவரிராயன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வண்டிக்கு மட்டுமில்லை, இவளுக்கும் எங்கேயோ மரை கழண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

*

வெள்ளிக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினார்.

பின்னாலிருந்து கையை உள்ளே விட்டு, இரும்புக் கையைச் சுற்றி வளைத்து, விரலால் தடவித் தடவிப் போல்ட்டின் தலையைக் கண்டுபிடித்து, ஸ்பேனரை அதில் மாட்டி, இடது பக்கமாக இழுத்தார். கழற்றுவதற்கு இடது பக்கம். இது யாருக்குத்தான் தெரியாது?

ஒரு நூல் அசைந்த மாதிரி இருந்தது. பிறகு அசையவில்லை.

"மத்த நாலு போல்ட்டும் பின்னால பாத்து இருந்துச்சு. இது ஒண்ணு மட்டும் முன்னால பாத்து இருக்கு. வேணும்னே திருப்பி மாட்டியிருக்கான். நாளைக்கு நான் கழட்டும்போது சாவணும்னு."

"முன்னால பாக்குதா?" என்றாள் குருசம்மாள்.

"அதான் சொல்லுதேனே."

"நல்லது. நேத்து கேட்டதுக்கு இன்னைக்கிப் பதில் வந்திருக்கு."

அவ்வளவுதான். வேறொருவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டாள். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போனதும் பிரகாசி, "கழண்டுச்சா?" என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது அவளுக்கு.

"திங்கக்கிழமை ஆட்டோவுல போயிக்கிடுதேன்" என்றாள். "டிரைவர் தூக்கி வைப்பாரு. பரவாயில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஐந்து வருஷமாக யாரும் அவளைத் தூக்கி வைத்ததில்லை. காலையில் தானே ஏறி, தானே ஓட்டி, பள்ளிக்கூட வாசலில் தானே இறங்குவாள். பிள்ளைகள் பாட்டு டீச்சர் வந்தாச்சு என்று கத்திக்கொண்டு ஓடிவரும். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வேற்றாள் அவளைக் கைத்தாங்கலாகத் தூக்கி இறக்குவான்.

சவரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை.

*

சனிக்கிழமை காலையிலேயே ஷெட்டுக்குப் போய், மூலையில் கிடந்த நீளமான இரும்புப் பைப்பை எடுத்து ஸ்பேனரின் வாலில் சொருகினார். இன்றைக்கு இரண்டில் ஒன்று.

குருசம்மாள் வந்தாள். பைப்பை உருவினாள். கொண்டுபோய் மூலையில் சாத்தினாள்.

"என்ன தாயி! நீயும் கை வைக்க மாட்ட, என்னையும் விட மாட்டேங்குத!"

"இன்னும் ஒரு முறுக்கு முறுக்குனா போல்ட்டுத் தலை தெறிச்சிரும் அண்ணாச்சி. பொறவு திங்கக்கிழமையும் இல்ல, செவ்வாக்கிழமையும் இல்ல."

"அப்ப நான் என்ன செய்யட்டும்? சொல்லித் தொலையேன்!"

அவள் ஒரு பழைய சாக்கை எடுத்தாள். வண்டியின் பின்பக்கம் விரிக்கவில்லை. முன்பக்கம், கால் வைக்கிற பலகைக்குப் பக்கத்தில் விரித்தாள்.

"அது உங்களைப் பாக்காது. நீங்க போய் அதைப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். தலையைப் பலகைக்கு அடியில் நுழைத்தார். குருசம்மாள் டார்ச்சை நீட்டினாள்.

இருந்தது. மூன்று நாளாக விரலால் மட்டும் தடவிய போல்ட். அதன் முகத்தை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறார்.

"இப்பக் கழட்டணும்னா எந்தப் பக்கம் திருப்புவிய?"

"இடது பக்கம்."

"கையால காட்டுங்க."

படுத்தபடியே காற்றில் திருப்பிக் காட்டினார்.

"அதே கையை அப்படியே வச்சுக்கிட்டு, பின்னால போய் உக்காருங்க."

எழுந்தார். கை காற்றில் சுற்றியபடியே இருந்தது. பின்னால் போய் உட்கார்ந்தார். அதே சுற்று. அங்கிருந்து பார்த்தால் அது வலது பக்கம்.

சவரிராயன் கையை மெல்ல இறக்கினார்.

குருசம்மாள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்:

"இதை இப்படி முறுக்கி வச்சது யாரு அண்ணாச்சி?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா" என்றார். பிறகு, என்னமோ தோன்றி, விரலை மடக்கி ஐந்து வரை எண்ணினார்.

*

ஸ்பேனரை மாட்டினார். வலது பக்கம். மூச்சைப் பிடித்து ஒரே இழுப்பு.

டக்.

அதற்குப் பிறகு ஸ்பேனரே வேண்டியிருக்கவில்லை. இரண்டு விரலால் சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது. கடைசியில் உள்ளங்கையில் விழுந்தது.

அதை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

இது உப்புக் காற்று அடிக்கிற ஊர். வெளியே தெரிகிற நாலு போல்ட்டும் துருவேறி, எண்ணெய் ஊற்றி, சுத்தியலால் தட்டித்தான் வந்தன. இது அப்படி இல்லை. மரை முழுக்க கிரீஸ். காயாமல், கறுக்காமல், நேற்று தடவிய மாதிரி. பின்னால் நீட்டிய நுனியில் காற்று போகாமல் தொப்பி மாதிரி மாட்டியிருந்த துண்டு ரப்பர் டியூப் ஒன்றும் கூடவே உதிர்ந்து கிடந்தது.

"அஞ்சு வருசம்" என்றாள் குருசம்மாள். "கம்பெனிக்காரன்கூட இப்படி வைக்க மாட்டான்."

"எதுக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கான்?"

"கழட்டுறவங்க கை நோகக் கூடாதுல்லா."

சவரிராயன் தன் கையைப் பார்த்தார். விரல்முட்டியில் தோல் போயிருந்தது. அதற்குத் தார்சியுஸ் பொறுப்பில்லை.

வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு அடியிலிருந்து இன்னொன்று மெல்ல ஏறி வந்தது. அந்தப் பயல் மேல் அப்படி ஒரு நன்றி. இத்தனை நாள் எங்கே கிடந்ததோ.

போல்ட்டை வேட்டியில் துடைக்கப் போனவர் துடைக்காமல் ஒரு காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

*

சக்கரம் வந்தது. முனைக்கடையில் புது டயர் போட்டாயிற்று. சக்கரத்தை மாட்டியாயிற்று. இனி இரும்புக் கைதான் பாக்கி.

"இந்த ஒரு போல்ட்டை மட்டும் பின்னால பாக்க மாட்டிருதேன்" என்றார். "அடுத்த தடவை லேசா இருக்கும்."

குருசம்மாள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டியில் இருந்த துளைக்குள் போல்ட்டைப் பின்னாலிருந்து முன்னால் செருகிப் பார்த்தார். சுகமாகப் போயிற்று. கழற்றவும் மாட்டவும் கை தாராளமாக நுழையும். இவ்வளவு எளிதான வேலையை விட்டுவிட்டு அந்தப் பயல் ஏன் திருப்பி மாட்டினான்?

"ஒரு தடவை ஏறி உக்காருங்க" என்றாள் குருசம்மாள்.

"எதுக்கு?"

"டீச்சர் உக்காருத மாதிரி."

உட்கார்ந்தார். பிரகாசி எப்படி உட்காருவாள்? இடது காலை அவளால் பலகையில் ஊன்றி வைக்க முடியாது. காலிப்பர் மாட்டிய காலைக் கையால் தூக்கிப் பின்னால் தள்ளி, சீட்டுக்குக் கீழே ஒட்டினாற்போல் வைத்துக்கொள்வாள். தினம் தினம் வாசலில் நின்று பார்த்ததுதான். அதே மாதிரி காலை வைத்தார்.

சர்.

வேட்டி கிழிந்தது. துளையிலிருந்து முன்னால் நீட்டிக்கொண்டிருந்த போல்ட் நுனி, கத்தி மாதிரி, துணியைக் கிழித்துக்கொண்டு கெண்டைக்காலில் குத்தியது.

இறங்கினார். போல்ட்டைப் பின்னாலிருந்து உருவினார். முன்னாலிருந்து செருகினார், தார்சியுஸ் மாட்டியிருந்த மாதிரியே. மறுபடி ஏறி உட்கார்ந்து அதே இடத்தில் காலை வைத்தார்.

வழவழப்பான தலை. அரம் போட்டு விளிம்பைக்கூட மழுக்கியிருந்தான். கால் பட்டதே தெரியவில்லை.

அவள் கால். குத்தினாலும் சட்டென்று இழுத்துக்கொள்ள முடியாத கால். பள்ளிக்கூடம் போய்ச் சேருகிறவரை குத்து வாங்கிக்கொண்டேதான் ஓட்டியிருப்பாள். ஐந்து வருஷம், ஒரு நாள்கூட ஒரு கீறல் இல்லை. சேலையில் ஒரு நூல் போனதில்லை.

சவரிராயன் வண்டி மேல் உட்கார்ந்தபடியே அழுதார். ஷெட்டில் நாலைந்து பேர் இருந்தார்கள். இருக்கட்டும்.

குருசம்மாள் கிரீஸ் டப்பாவைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். மரை மரையாகக் கிரீஸ் தடவினார். ரப்பர் தொப்பியை எடுத்து வைத்தார். சாக்கில் படுத்தார். அப்போதுதான் தெரிந்தது, இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பின்னாலிருந்து இரும்புக் கையைத் தூக்கித் துளைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் முன்னாலிருந்து போல்ட்டைச் செருக வேண்டும்.

"பின்னால பிடிக்க ஒரு ஆள் வேணும் தாயி."

குருசம்மாள் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"நான் பிடிக்கட்டுமா அண்ணாச்சி?"

ஷெட்டில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் இப்படிக் கேட்டு அவர்கள் யாருமே கேட்டதில்லை.

சவரிராயன் அவளைப் பார்த்தார். இரும்புக் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த போல்ட்டைப் பார்த்தார்.

"வேண்டாம் தாயி" என்றார். "நீ வேண்டாம்."

குருசம்மாள் சிரித்துக்கொண்டே ஸ்பேனரை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

அவர் போனை எடுத்தார். அந்த நம்பரை அழித்து ஐந்து வருஷமாகிறது. விரல் அழிக்கவில்லை. அதுபாட்டுக்கு அழுத்திக்கொண்டு போனது.

மணி அடித்தது. எடுத்தார்கள்.

"தார்சி" என்றார். "நான்தான்."

அந்தப் பக்கம், அவனுடைய லேத் பட்டறையில் ஏதோ ஒரு மெஷினை நிறுத்துகிற ஓசை கேட்டது.

பிறகு குரல் வந்தது.

"அந்த உள்பக்கத்துப் போல்ட்டுதானே அத்தான்? இடது பக்கம் திருப்பிராதீய. இந்தா வாரேன்."