பின்சக்கரத்துக்குக் கனம்

முதலில் வம்புக்கு வந்தவர் கோயமுத்தூர் மில் முதலாளி கோவிந்தராஜுலுதான். இமயமலைப் பனிக்கால கார் ராலியில், கடைசி ஏற்றத்தில், அவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்த மிதிக்குக் கார் நின்ற இடத்திலேயே வழுக்கியது. பழியோ, பக்கத்தில் வழி சொல்ல உட்கார்ந்திருந்த மெக்கானிக் மாசிலாமணி மேல் விழுந்தது.

"என்னடா வேலை பார்த்திருக்கே? அரை மணியில கார் உச்சிக்குப் போகலைன்னா உனக்கு வேலை இல்லை!"

காரில் வெளியாள் யாரும் கை வைக்கக் கூடாது; இவர்கள் இருவரில் யார் ஓட்டினாலும் சரி என்பது போட்டி விதி.

"போயிடலாங்க முதலாளி. பின்சக்கரத்துக்குக் கனம் போதலை. ஒருத்தர் டிக்கி மேல உட்காரணுங்க."

"அப்ப ஏறி உட்காரு!"

"நான் உட்கார்ந்தா காக்கா உட்கார்ந்த மாதிரிங்க. நீங்க நூத்திப்பத்து கிலோ. இந்த மலைக்கு உங்களை விட்டா ஆளில்லீங்க."

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மாசிலாமணி ஸ்டியரிங்கைப் பிடிக்க, கார் வரையாடு மாதிரி ஏறியது.

உச்சியில் நிருபர்கள், "ஓட்டினது யாரு?" என்று கேட்டார்கள். 'நான்தான்' என்று சொல்ல முதலாளி வாயைத் திறக்கப் பார்த்தார். மீசை உறைந்து கீழுதட்டோடு ஒட்டியிருந்தது. நிருபர்கள் கண்ணால் கண்டதை எழுதிக்கொண்டு போனார்கள்.

மாசிலாமணியின் வேலை தப்பியது. மீசைப் பனி கரைந்து பதினெட்டு வருஷமாகிறது; அந்த வாயிலிருந்து ஒரு நன்றி மட்டும் இன்னும் வந்தபாடில்லை.