கருங்கல் சிகரத்தில் கேட்ட குரல்

பனி உருகாத மலைத்தொடரில் ஒரு கருங்கல் சிகரம் இருந்தது. அதன் விளிம்புகளில் பனி கூரைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் அதல பாதாளம்.

சுருளி என்ற மலையாடு அங்கே தன் குட்டி துள்ளியைத் தேடி அலைந்தது. பனிப்புயலில் தொலைந்துபோன குட்டி. மந்தை கீழே இறங்கிவிட்டது. பெற்ற மனசு கேட்கவில்லை.

மூடுபனி சூழ்ந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா, இங்கே இருக்கேன். வாம்மா."

துள்ளியின் குரலேதான்! சுருளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடியது. பிறகு சட்டென்று நின்றது.

அந்த மலை ஆடுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியில் கூப்பிடுகிற ஆடு, தான் நிற்கும் இடத்தைக் குளம்பால் தட்ட வேண்டும். கணீரென்று கேட்டால் அங்கே பாறை இருக்கிறது, நம்பிப் போகலாம்.

"தட்டுடா கண்ணு," என்றது சுருளி.

"கால் வலிக்குதும்மா. சீக்கிரம் வா."

பாவம், பிள்ளை. சுருளியின் கால் தானாக முன்னே நகர்ந்தது. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. "ஒரே ஒரு தட்டு. அம்மா ஓடி வந்துடுறேன்."

மூடுபனிக்குள் யாரோ கிசுகிசுத்தார்கள். "எனக்கு ஏது கால் பலம்? நீ தட்டு."

'பொத், பொத்' என்று கேட்டது. அது கல்லில் குளம்பு பட்ட சத்தம் இல்லை. சுருளி பின்வாங்கியது.

மறுநொடி, தட்டிய அதிர்வில் பனிக்கூரை முறிந்தது. ஒரு நரி அலறிக்கொண்டே பாதாளத்தில் விழுந்தது. காற்று மூடுபனியை விலக்கியபோது, விளிம்புப் பாறையில் ஓர் அண்டங்காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது.

"என் பிள்ளையோட குரல் உனக்கு எப்படி வந்தது?"

"கீழே விழுந்து கிடந்து உன்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான். நான் பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன்," என்றது காக்கை. "குரல் நின்ன பிறகுதான் நானும் நரியும் சாப்பிட்டோம்."

சுருளி வாய்விட்டு அழுதது.

பாதாளத்திலிருந்து நரியின் முனகல் வந்தது. "கூட்டாளி, காப்பாத்து..."

காக்கை கீழே பறந்துபோய், நரியின் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் கேட்க ஆரம்பித்தது.

சுருளி மந்தையோடு சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் அந்தச் சிகரத்திலிருந்து ஒரு நரிக்குரல் மற்ற நரிகளைக் கூப்பிட்டது. நரிகளுக்குத் தட்டச் சொல்லிக் கேட்கும் வழக்கம் கிடையாது.

நாம் கேட்க ஏங்கும் குரல் எதுவோ, அதைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.